கண் திறக்காத ஒன்பது பேர்

உலகத்திலுள்ள பயந்தாங்கொள்ளிகளையெல்லாம் திரட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தால், அதற்கு ஆயுள்காலத் தலைவராக இருக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் எங்கள் ஆபீஸ் பேஸ்பால்தான். ஆனால் அவர் பதவி ஏற்கமாட்டார். மேடை சரிந்துவிடுமோ என்று பயந்து, கீழே நின்று மேடைக் கால்களை எண்ணிக்கொண்டிருப்பார்.

செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் அவர் தபால் பிரிவு. வருகிற கடிதத்துக்கு ஊதா முத்திரை, போகிற கடிதத்துக்குச் சிவப்பு முத்திரை. சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். 'பேஸ்பால்' என்று கூப்பிட்டால் மட்டும், "இன்னா ஆச்சி? எவனுக்கு அடி பட்டுச்சி?" என்று அலறிக்கொண்டு ஓடி வருவார்.

அந்தப் பெயர் வந்த கதை இது. அவருக்கு வீடு திருக்கழுக்குன்றத்தில். அங்கிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு கல்லூரி. அண்ணன் மகளுக்கு அட்மிஷன் கேட்கப் போனவர், வெளியே காத்திருந்த நேரத்தில் மைதானத்தை எட்டிப் பார்த்தார். ஒன்பது பையன்கள் தோல் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். இது என்ன ஆட்டம் என்று காவலாளியைக் கேட்டார். பேஸ்பால் என்றார் காவலாளி. யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்டார். "எவனும் பாக்கறதில்ல சார்" என்று பதில் வந்தது. அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

"பாக்க ஒரு ஆளு இல்லாம ஒம்போது பசங்க வெயில்ல வுழுந்து எழுந்துகினு கீறாங்க நைனா. ஒருத்தனாவது பாக்க வாணாமா?" என்றார் என்னிடம். வயதில் எனக்கு அண்ணன் மாதிரி. நான் அவரை அண்ணாத்த என்பேன். அவருக்கு எல்லோரும் நைனா.

அன்றிலிருந்து அந்த ஒருத்தன் அவரே ஆனார். காலை ஆறு மணிப் பயிற்சிக்குப் போய், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஆபீசில் கழித்துக்கட்டிய பழுப்புக் கவர்களின் பின்பக்கத்தில் பென்சிலால் பையன்களை வரைவார். பிறகு பஸ் பிடித்துச் செங்கல்பட்டு. மதியம் தயிர்சாதம் தின்றுவிட்டு அதற்கு வண்ணம் தீட்டுவார். வண்ணம் என்றால் ஸ்டாம்பு பேடு மைதான். அதனால் அவர் படங்களில் வானம் எப்போதும் ஊதா, மண் எப்போதும் சிவப்பு. ஒருமுறை மாமல்லபுரம் கடலை வரைந்தார். அதுவும் ஊதா. முத்திரை மை ஏன் இப்படித் தீர்கிறது என்று எங்கள் கண்காணிப்பாளர் மெமோ கொடுத்தார். பேஸ்பால் அதைப் பயபக்தியோடு வாங்கி, ஊதா முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்தார்.

முதல் தடவை அவர் படத்தைப் பார்த்தபோது நான் அசந்துபோனேன். பந்தை எறியக் கையை ஓங்கி நிற்கிற ஒரு பையன். விரல் பந்தைப் பிடித்த பிடி, கழுத்து நரம்பு, காது மடல் எல்லாம் அச்சு அசல். ஆனால் புருவத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமை.

"இன்னா அண்ணாத்த, கண்ணக் காணோம்?"

"மகாபலிபுரத்துல செல செய்யறவங்களப் பாத்துகீறியா? தல, கை, காலு எல்லாம் முடிச்சி, கடைசியாத்தான் கண்ணு தொறப்பாங்க. நம்ம பசங்க ஒரு மேட்சு ஜெயிக்கட்டும். அன்னிக்கித் தொறக்கறேன்."

கேட்க எவ்வளவு அழகாக இருந்தது! ஆனால் அந்த டீம் உருவான நாளிலிருந்து ஒரு மேட்ச்கூட ஜெயித்ததில்லை. மூன்று வருஷத்தில் கண்ணில்லாத படங்கள் இரண்டு கோணிப்பை நிறையச் சேர்ந்துவிட்டன. டீக்கடை மாஸ்டரையும் வரைந்தார், கண் இல்லை. ஆட்டுக்குட்டிக்கும் கண் இல்லை. எங்கள் கண்காணிப்பாளரை வரைந்தார், அவருக்கும் இல்லை.

"ஆட்டுக்குட்டி எந்த மேட்ச்ல ஆடுச்சி அண்ணாத்த?" என்றேன்.

"அது... எல்லாருக்கும் ஒரே சட்டம் நைனா" என்று அவசரமாகக் கவரை மடித்து வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

படம் ஒரு பக்கம். டீமைப் பற்றிய பயம் இன்னொரு பக்கம். டீமில் இருந்ததே சரியாக ஒன்பது பேர். ஒருவன் தும்மினால் இவருக்குத் தூக்கம் போய்விடும். ஒன்பது பேருக்கும் ஃபிளாஸ்க்கில் நிலவேம்புக் கஷாயம் கொண்டுபோய், குடித்து முடித்தார்களா என்று வாயைத் திறந்து பார்ப்பார். பந்து எறிகிற பையன் சகாயம், நெம்மேலிப் பக்கம். அவன் வலது கை இவருக்குச் சொந்தச் சொத்து மாதிரி. தினமும் ஆபீஸ் வந்ததும் முதல் வேலை அவனுக்குப் போன் செய்வதுதான்.

"சகாயம், ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சிப் படுத்த? வலது பக்கமா? அய்யோ! தோளு இன்னாத்துக்கு ஆவும்? போன உங்கம்மா கையில குடு... எம்மா, அவங்கிட்ட தண்ணி பக்கெட்டு தூக்கக் குடுக்காதம்மா. வாணாம்மா, எடது கையிலயும் வாணாம். பாரம் சாஞ்சிடும்."

நாங்கள் கோப்பில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்போம்.

சிரிப்பு அடங்கிய நாள் ஒன்று வந்தது. ஆளில்லாத ஆட்டத்துக்கு மைதானம் எதற்கு என்று கல்லூரியில் பேச்சு கிளம்பி, இந்த வருஷம் ஒரு மேட்ச்சாவது ஜெயிக்காவிட்டால் டீமைக் கலைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு மேட்ச். சனிக்கிழமை மதியம்.

வெள்ளிக்கிழமை பேஸ்பால் வருகிற கடிதத்துக்குச் சிவப்பும் போகிற கடிதத்துக்கு ஊதாவும் குத்தினார். சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"நாளைக்கி நீ கூட வா நைனா. என்னால ஒண்டியா பயப்பட முடியாது."

அதற்கு மேல் எப்படி மறுப்பது? போனேன். போனவன் சும்மா போயிருக்கலாம். ஜெயித்தால் வெடிக்கலாமே என்று தீபாவளிக்கு மிஞ்சிய ஒரு பட்டாசுச் சரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

எனக்குக் கிரிக்கெட் தெரியும். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு எல்லா ஆட்டமும் தெரியும் என்பது நம் ஊர் நம்பிக்கை. நம் பையன்கள் முதலில் அடித்தார்கள், பிறகு அவர்கள், பிறகு நாம், பிறகு அவர்கள் என்று மாறி மாறிப் போய்க்கொண்டே இருந்தது. பேஸ்பால் பார்க்கவே இல்லை. மரத்துக்குப் பின்னால் நின்று, "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டு, காற்றில் பென்சிலை ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசி இன்னிங்ஸ் வந்தபோது அவர்கள் ஆறு, நாம் நாலு. நம் ஆள் ஒருவன் ஓங்கி ஒரு அடி அடித்தான். அவனும், ஏற்கெனவே கட்டங்களில் நின்ற இருவருமாக மூன்று பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். ஏழு! அவர்கள் ஸ்கோரைத் தாண்டிவிட்டோம். தாண்டினால் ஆட்டம் முடிந்தது. நான் சரத்தைக் கொளுத்திவிட்டேன்.

டமடமவென்று வெடித்தது. நான் விசிலடித்துக்கொண்டு ஆடினேன். என்னைத் தவிர ஒருவரும் ஆடவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். மரத்துக்குப் பின்னாலிருந்து பேஸ்பால் வெளிறிய முகத்தோடு ஓடி வந்தார்.

"அடப்பாவி! இன்னும் அவங்க ஒருவாட்டி அடிக்கணும்யா! இத்த யாரு கிரிக்கெட்டுன்னு சொன்னது ஒனுக்கு?"

கடல்காற்று வேறு. புகை முழுவதும் மைதானத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. நம் பையன்களின் பேட்டிங் முடிந்ததும் அம்பயர் ஆட்டத்தை நிறுத்தி, புகை போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷம். எனக்குப் பத்து நிமிஷம்தானே என்று தோன்றியது. பேஸ்பாலுக்கு உயிர் போய்விட்டது.

"தோளு ஆறிப்போயிடும்! சூடு எறங்கினா பந்து போவாது!" என்று கத்திக்கொண்டே தன் சட்டையைக் கழற்றி, ஓடிப்போய் சகாயத்தின் வலது தோளில் சுற்றினார். பிறகு பனியனோடு அவன் பக்கத்தில் நின்று, புகை போகும்வரை அந்தத் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் செய்த அசட்டுத்தனத்துக்கு அவர் அங்கே சட்டையில்லாமல் நிற்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்று நினைத்தேன். என்னால் டீமே போகப் போகிறது.

ஆட்டம் தொடங்கியது. மூன்று பேரை அவுட் ஆக்கினால் வெற்றி. சகாயம் இரண்டு பேரை ஆக்கினான். நாலு பந்து தப்பாகப் போனால் அடிக்கிறவன் அடிக்காமலே முதல் கட்டத்துக்குப் போகலாமாம். பிறகு கை தடுமாறி, எட்டு பந்து தப்பாகப் போய், இரண்டு பேர் சும்மாவே கட்டங்களில் ஏறி நின்றுகொண்டார்கள். அடுத்தவன் பந்தை உயரத் தூக்கி அடித்தான். அது போன திசையில் நின்றவன், எண்ணிக்கைக்காகச் சேர்த்த ஒன்பதாவது ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. அவன் பிடித்த பந்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

பேஸ்பால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லு நைனா. இன்னா ஆச்சி? பாத்துகினே கீறியே, சொல்லேன்!"

பந்து வந்தது. பையன் இரண்டடி முன்னால் போய், மூன்றடி பின்னால் வந்து, விழுந்தான். எழுந்தபோது பந்து கையுறைக்குள் இருந்தது. பிடித்தவனே அதை நம்பாமல் எல்லோருக்கும் காட்டினான்.

"ஜெயிச்சிட்டோம் அண்ணாத்த!" என்று கத்தினேன்.

நியாயமாக அவர் குதித்திருக்க வேண்டும். அவர் முகம் இன்னும் வெளுத்தது. அதற்குள் ஒன்பது பேரும் ஓடி வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒருவன் தேங்காயும் கற்பூரமும்கூடக் கொண்டு வந்திருந்தான். "அண்ணாத்த, கண்ணு! கண்ணு தொற அண்ணாத்த!" என்று ஒரே கூச்சல். அன்று காலை அவர் வரைந்த படத்தைச் சகாயம் எடுத்து அவர் கையில் வைத்தான். பென்சில் படத்துக்கு ஒரு விரற்கடை மேலே நடுங்கியபடியே நின்றது.

"இன்னிக்கி வாணாம் பசங்களா. ராவுகாலம்" என்றார்.

"சனிக்கிழமை ராகுகாலம் காலையிலேயே முடிஞ்சி போச்சி" என்றேன், உதவுவதாக நினைத்துக்கொண்டு.

"அப்போ... அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிவிட்டு, சட்டையை வாங்கி உள்புறம் வெளியாக மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றத்து மலை தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எனுக்குக் கண்ணு வரைய வராது நைனா."

"இன்னாது?"

"சத்தியமா வராது. மொத நாளு வரைஞ்சேன். செத்த மீனு மாதிரி வந்துச்சி. பசங்க ஏன் கண்ணு இல்லன்னு கேட்டாங்க. வெக்கமா போச்சி. செலைக்குக் கண்ணு தொறக்கற கதைய எடுத்து வுட்டுட்டேன். மூணு வருசமா, தோத்துடுவாங்களோன்னு ஒரு பயம், ஜெயிச்சிட்டா இன்னா பண்றதுன்னு ஒரு பயம். ரெண்டையும் நானே தூக்கிகினு சுத்தறேன்."

"இவ்ளோ நல்லா வரையற ஆளு. கண்ணு மட்டும் ஏன் வரல?"

"கைய பாத்தா கை சும்மா கீது. மூக்கு சும்மா கீது. கண்ண பாத்தா, அது திருப்பிப் பாக்குது நைனா. பயமா கீது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாசுப் பாவத்துக்குப் பரிகாரமாக, அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையில் அவர் எதிரே உட்கார்ந்து என் கண்ணைக் கொடுத்தேன். முதல் நாள் அரை நொடி பார்த்தார், பத்து நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார். என் வலது கண் திருக்கழுக்குன்றத்தையும் இடது கண் மாமல்லபுரத்தையும் பார்ப்பதாக ஒரு படம் வந்தது. "அசையாதன்னு சொன்னன்ல?" என்று என்னையே திட்டினார். மூன்றாம் நாள் ஒரு நிமிஷம் பார்த்தார். வெள்ளிக்கிழமை, தயிர்சாதத்தை மறந்து, மணி அடிக்கிறவரை பார்த்தார். கவரைத் திருப்பிக் காட்டினார். கவருக்குள்ளிருந்து நான் என்னைப் பார்த்தேன்.

மறுநாள் மைதானத்தில் தேங்காய் உடைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொருவன் படத்துக்கும் அவர் கண் திறந்தார். கை நடுங்கவில்லை. படங்களை வரிசையாக மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி நின்று பார்த்தோம்.

"இன்னா அண்ணாத்த," என்றான் சகாயம் மெதுவாக, "ஒம்போது பேரும் ஒரே மாரி தூங்கி வழியறோம்?"

பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தோள் பிசகிவிடும் என்று பேஸ்பால் பதறும்வரை சிரித்தான். ஒன்பது வீரர்களுக்கும், அந்தச் சோடாபுட்டிக்குள்ளும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான என் கண்கள்.

டீம் தப்பித்தது. அந்தப் படங்கள் இன்னும் கல்லூரியின் விளையாட்டு அறையில் தொங்குகின்றன. பேஸ்பால் ஓய்வு பெற்றுவிட்டார். காலையில் மைதானத்திலிருந்து எனக்கு வாட்ஸாப்பில் தினம் ஒரு படம் வருகிறது. இப்போது அவரை நிறுத்த முடியவில்லை. பஸ்ஸுக்கும் கண் வைக்கிறார், தண்ணீர் டேங்குக்கும் கண் வைக்கிறார். பழைய பயம் மட்டும் போகவில்லை. பதில் போட ஐந்து நிமிஷம் தாமதமானால் போன் வந்துவிடும். "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லியா? எந்தப் பக்கம் படுத்த?"

மாமல்லபுரம் பக்கம் போனால் அந்த விளையாட்டு அறைக்குள் எட்டிப் பார்க்காமல் நான் வருவதில்லை. படத்தில் நான் ஒன்றும் அழகாக இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் பயந்த அந்த மனிதர், பயப்படாமல் முதன்முதலில் பார்த்தது என் கண்ணைத்தான்.