ஓமகுண்டத்துக்குப் பதினைந்து அடி தள்ளி

புதுச்சத்திரம்,
வெள்ளிக்கிழமை.

சூரமங்கலத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை இளவழகன் அவர்களுக்கு மாமனார் செங்கோடன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை மாரக்காள், எருமை ஆகிய மூவரில் இருவர் நலம்.

வைகாசியில் உங்கள் புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு வருவேன், ஆனால் ஓமத்துக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று சொன்னதற்கு சரிதா அழுதாளாம். மகள் அழுதால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் காரணத்தைக் கேளுங்கள். மூட்டு வலிக்கிறதே என்று நாமக்கல்லில் ரத்தம் டெஸ்டுக்குக் கொடுத்தேன், ரிப்போர்ட்டில் 'குரோனிக் இன்ஃப்ளமேஷன்' என்று வந்தது. இருபத்தெட்டு வருசம் கேஸ் டேங்கர் ஓட்டியவனுக்கு அந்த வார்த்தை தெரியாதா? வண்டி முதுகில் சிவப்பில் எழுதியிருக்குமே, 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'! டாக்டரும், "உள்ளுக்குள்ள சின்னதா நெருப்பு கனன்னுட்டே இருக்குதுங்க, அதுதான் உடம்பைச் சீக்கிரமா கெழடாக்குது"ன்னு சொல்லிப்போட்டார்.

அன்றிலிருந்து டேங்கருக்கு உண்டான ஒழுங்கை எல்லாம் உடம்புக்கும் வைத்துவிட்டேன். அடுப்பு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டது. சாமிக்கு விளக்கில்லை, பூ மட்டும். பெட்ரோல் பங்க்கில் போனைத் தொடக்கூடாது என்பதால்தான் இந்தக் கடிதம். ராத்திரி கால் கட்டைவிரலில் செம்புக் கம்பி கட்டி ஜன்னல் வழியே மண்ணில் எர்த் கொடுத்துப் படுக்கிறேன். பக்கத்து வீட்டு வேலுமணி, பத்து வயசு குறையும் என்று ஒரு மஞ்சள் பொடி விற்றான். அவனுக்கு நாற்பத்தொன்று, பார்த்தால் எனக்கு அண்ணன் மாதிரி இருக்கிறான், அப்போதாவது எனக்குப் புத்தி வரவேண்டாமா? பொடியைக் குடித்து ஒரு ஏப்பம் விட்டேன் பாருங்க, மாரக்காள் வாசலுக்கு ஓடிப்போய், "ஏனுங்க, கேஸ் லீக்காவுதுங்க! யாரும் கிட்ட வராதீங்க!"ன்னு கத்த, தெருவே கூடிப்போச்சு.

பேத்தி கனிஷ்கா வேற, ஓமத்துல அப்புச்சி மடியிலதான் உக்காருவேன்னு சொல்லுதாமே. ஏழு வயசுப் புள்ளைக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லுவீங்களோ. எனக்கு ஒரு நாற்காலி, பதினஞ்சு அடி தள்ளி, காத்து வாற பக்கமாப் போட்டுருங்க, போதும்.

புது வீட்டில் பாலும் பொங்கி, மனசும் நிறைந்து, நீங்கள் நீண்ட காலம் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
செங்கோடன்

பின்குறிப்பு: மேலே 'நெருப்பு' என்று எழுதிய இடத்தில் காகிதத்தில் ஓர் ஓட்டை இருக்கும். பூச்சி அரித்ததல்ல, பீடிப் பொறி. டாக்டர் முதலில் சொன்னதே அதைத்தான்: "பீடிய விடுங்க, பாதி நெருப்பு அணைஞ்சிரும்." விட்டு வருசமாச்சுங்க என்றேன். மாரக்காள் பக்கத்தில்தான் நின்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. போன பொங்கலுக்குக் கனிஷ்கா தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியவன் நான். ஓமத்துக்கெல்லாம் எனக்குப் பயமில்லை மாப்பிள்ளை. மடியில் உட்கார்ந்தால் அவள் என் வாயை மோந்து பார்ப்பாள். பதினைந்து அடி அதற்குத்தான்.