ஐந்தடுக்குக் காற்றும் இரண்டு சைக்கிள் ட்யூபும்

சேசு மரி சூசை துணை

சேரப்பணஞ்சேரி,
12-7-1979

பஹ்ரைன் தேசத்தில் இருக்கும் அன்புத் தம்பி ஆபிரகாமுக்கு அக்காள் அன்னபுஷ்பம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். சுகம் என்று எழுதாமல் மூச்சு என்று எழுதியது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் பிள்ளைகள் சேதி. என் மகன் அமிர்தநாதன் பெற்ற நாலும் நாலு முத்து. கிளாரா தாம்பரத்தில் டைப் பரீட்சையில் முதல் வகுப்பு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறாள், நான் நின்று பார்த்தேன். கடைக்குட்டி ஜெயராஜ் கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழ ஓட்டத்தில் ஜெயித்து சோப்புப் பெட்டி வாங்கினான். பழம் விழவே இல்லை, மற்றப் பிள்ளைகளின் தாய்மார் சொல்வதை நம்பாதே. கிரேசி எட்டாவதில் விஞ்ஞானத்தில் பள்ளிக்கூடத்துக்கே முதல். மூத்தவன் சின்னப்பராஜ் பிட்டர் படிப்பை முடித்ததும், அவனுக்கு நீயே உன் கம்பெனியில் விசா வாங்கி அனுப்பியதும், பதினைந்தாம் தேதிக்குள் வந்து நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியதும் உனக்கே தெரியும்.

அந்தப் பதினைந்தாம் தேதிக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது, தம்பி. வந்த வழி கிரேசியின் புத்தகம்.

போன வாரம் கிரேசி சத்தம் போட்டுப் பாடம் படித்தாள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நாம் மூச்சு வாங்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜனாம், அதை நெஞ்சு உள்ளே வாங்கி அப்படியே வெளியே தள்ளிவிடுமாம், ஒரு பிரயோஜனமும் இல்லையாம். உயிரைப் பிடித்து வைப்பது வெறும் இருபத்தொரு பங்கு பிராண வாயுதானாம். மீதி ஒரு பங்கில் ஆர்கன் என்று ஒன்று, யாரோடும் சேராது, எந்த வேலைக்கும் வராது, சும்மாவே இருக்கும். நம் பெரிய மாப்பிள்ளை நினைவு வந்தது. அறுபத்திரண்டு வருஷமாக ஐந்தில் நாலு பங்கு வீணுக்கு மூச்சு வாங்கியிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லையே என்று கை அப்படியே நின்றுவிட்டது.

அதோடு விட்டாளா? காற்று ஐந்தடுக்குக் கேரியர் மாதிரி இருக்கிறதாம். மேகம், மழை, நாம் எல்லாம் அடித்தட்டில். முக்கால் பங்குக் காற்றும் அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது தட்டில் ஓசோன் இருந்துகொண்டு வெயிலின் விஷத்தை வடிகட்டுமாம். மூன்றாவதில் எரிநட்சத்திரம் எரிந்துபோகும். நாலாவதில் கொதிக்கும். ஐந்தாவது எங்கே முடிகிறது என்று வாத்தியாருக்கே திட்டமாகத் தெரியாதாம். "மூடி எங்கேடி?" என்றேன். "மூடி கீடி ஒண்ணும் கெடையாது ஆயா, அப்டியே தெறந்துதான் கீது" என்றாள். சோற்றுக் கேரியரை மூடாமல் இரண்டு தெரு தாண்ட மாட்டேன் நான். உலகத்துக் காற்று முழுவதும் திறந்து கிடக்கிறது என்று கேட்டால் எப்படி இருக்கும்?

ஏரோப்பிளேன் பறப்பது பத்து கிலோமீட்டர் உயரத்தில். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறரை டிகிரி சூடு குறையுமாம். நம் ஊர் முப்பதில் அறுபத்தைந்தைக் கழிக்க வேண்டும். எனக்குக் கழியவில்லை. கிரேசி, "சைபருக்குக் கீழயும் கணக்கு கீது ஆயா, மைனஸ் முப்பத்தஞ்சு" என்றாள். ஐந்தாம் வகுப்பில் எங்களைச் சைபரோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கீழே இவ்வளவு குளிர் இருப்பதும், அங்கேதான் என் பேரனை அனுப்பப்போகிறோம் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சின்னப்பராஜிடம் சொன்னேன். "பிளேனுக்குள்ள காத்தை அமுக்கி வெச்சிருப்பாங்க ஆயா, நீ இன்னாத்துக்கு பயப்படறே?" என்று சிரித்தான். அமுக்கி வைத்த காற்று பஞ்சர் ஆகாதா? அவன் சைக்கிளே வாரத்துக்கு இரண்டு முறை ஆகிறது.

அதனால் படப்பை சைக்கிள் கடை அப்பாவுவிடம் இரண்டு புது ட்யூப் வாங்கினேன். இலை வெயிலில்தான் பிராண வாயு விடும், இருட்டில் கரியமில வாயு விடும் என்று அதே புத்தகத்தில் இருப்பதால், அவனைப் பம்போடு வரவழைத்து, காலை பத்து மணி வெயிலில் கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்தி அடிக்கச் சொன்னேன். "காத்து எங்க அடிச்சாலும் ஒண்ணுதானே ஆயா, என் கடையில இல்லாத காத்தா?" என்றான். "உன் கடையில் இருப்பது லாரிப் புகை, பேசாமல் அடி" என்றேன். இரண்டையும் யாருக்கும் சொல்லாமல் பேரனின் பெட்டியில், வேட்டிக்கு அடியில் வைத்தேன். சொன்னால் எடுத்துவிடுவான்.

பத்தாம் தேதி விமான நிலையத்தில் சுங்க ஆபீசர் பெட்டியைத் திறந்தார். ட்யூப் இரண்டும் மலைப்பாம்பு மாதிரி எழுந்தன. "இதுல இன்னாப்பா வெச்சிருக்கே?" என்று கேட்டார். பேரனுக்கு முகம் வெளுத்துவிட்டது, அவனுக்கே தெரியாதே. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான், "காத்துங்க ஐயா, சேரப்பணஞ்சேரிக் காத்து" என்றேன். காற்றை எவனும் நாடு விட்டு நாடு கடத்துவானா என்று அவருக்குச் சந்தேகம் பெருத்தது. தட்டிப் பார்த்தார், தண்ணீரில் முக்கிப் பார்த்தார், கடைசியில் பிளேடால் கீறினார். கண்ணெதிரே அவ்வளவு நல்ல காற்றும் போயிற்று. "ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார். "ஐந்தில் ஒரு பங்கு பிராண வாயு இருந்தது, நீங்கள்தான் விட்டுவிட்டீர்கள்" என்றேன். அதற்குப் பக்கத்திலிருந்த இன்னொரு ஆபீசர், "காத்து அடிச்ச ட்யூப் மேல போனா ஊதிப் பெருத்து வெடிச்சாலும் வெடிக்கும்மா, அங்க அமுக்கம் கம்மி" என்றார். நான் காப்பாற்ற வைத்ததே வெடிக்குமா என்று உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் துணி, மணி, ஊறுகாய் பாட்டில் வரை கிளறி முடிக்க இரண்டு மணி நேரம். பிளேன் போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது சின்னப்பராஜ் எனக்கு ஜன்னலோர இடத்தைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான். இரண்டு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். திட்டினாலாவது தேவலை. "தண்ணி வேணுமா ஆயா?" என்று மரியாதையாகக் கேட்கிறான், அதுதான் தாங்கவில்லை. அவன் பிழைப்பில் நான் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று பூசையில்கூட மனம் நிற்கவில்லை. நீ உன் கம்பெனி துரையிடம் கெஞ்சி ஒரு மாசம் தவணை கேள். அவன் கப்பலில் வரட்டும். கப்பல் அடித்தட்டிலேயே போகிறது. ஏரோப்பிளேனில் மட்டும் நான் உயிரோடு இருக்கும்வரை ஏற்ற விடமாட்டேன். இந்தக் கடிதமும் அதில்தான் வருமாம். காகிதத்துக்கு மூச்சு வேண்டாம் என்பதால் சம்மதித்தேன்.

உன் வீட்டாருக்கு என் தோத்திரம். மாதா உன் வேலையையும் நெஞ்சையும் காப்பாளாக.

இப்படிக்கு,
அக்காள் அன்னபுஷ்பம்

பி.கு. மறுநாள் எழுதுவது. மேலே எழுதியது எதையும் துரையிடம் சொல்லாதே. நேற்று மத்தியானம் இதை எழுதி முடித்த பிறகு சின்னப்பராஜ் தாம்பரத்தில் கூட்டாளி கல்யாணம் என்று கிளம்பினான். நெற்றியில் சிலுவை போடச் சொன்னான். தாம்பரம் போக எதற்கடா என்று கேட்டுக்கொண்டே போட்டேன். இப்போது பம்பாயிலிருந்து தந்தி: பிளேனில் வந்து சேர்ந்தானாம், மேலே நன்றாகத் தூங்கினானாம், இன்று பஹ்ரைன் பிளேன் ஏறுகிறானாம். அமிர்தநாதன் டிக்கெட்டை மாற்றி வாங்கியிருக்கிறான். வீடு முழுவதற்கும் தெரியும், எனக்குத் தவிர. கோபமில்லை என்று சின்னப்பராஜிடம் சொல். ஆனால் தந்தி கொடுத்தது அவன்தானா என்று நான் எப்படி நம்புவேன்? கையில் இருப்பது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம் ஒன்றுதான். அதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டுகிறது. வந்து இறங்கியதும் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், அவன் மூச்சு விடுகிற சமயமாகப் பார்த்து ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்பு.