மேப்பிள் மரத்தடிப் பந்தயம்

வெள்ளியங்கிரிக்கு ஒரு ஷெட் வேணும். வேற எதுவும் வேண்டாம். அதுக்குள்ள பெரிய டிவி, சாய்வு நாற்காலி, உள்பக்கம் தாழ்ப்பாள். அமெரிக்காவுல, பிரிட்ஜ்வாட்டர் ஊர்ல இருந்த வீட்டுப் பின்னாடி, மேப்பிள் மரத்தடியில, வெயிலே விழாத இடம் ஒண்ணு சும்மா கிடந்தது. புல்லுகூட அங்க வளர மாட்டேன்னுது. அவர் அளவெடுக்க டேப்பைத் தேடி முடிக்கறதுக்குள்ள, மனைவி சாந்தாமணி அந்த இடம் பூரா ஹோஸ்டா நட்டுட்டாங்க. நிழல்லயே வளர்ற செடி. கோடை முழுக்க ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிஞ்சு அவரைப் பார்த்துச் சிரிச்சுது.

நவம்பர்ல உறைபனி. இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி சாய்ஞ்சுது. அப்புறம் வெறும் மண்ணு. வெள்ளியங்கிரிக்கு அந்த வருஷம் ரெண்டாவது தீபாவளி.

"ஏனுங்க, எல்லாம் போயிருச்சுங்க." சாந்தாமணி ஹூடி கையால கண்ணைத் துடைச்சாங்க.

"அழாத சாந்தா. ஸ்பிரிங் வந்ததும் அங்க ஷெட் போட்டுரலாம்."

"ஸ்பிரிங்ல செடி திரும்ப வந்துட்டா?"

"செத்தது எங்கிருந்து வரும்?"

"ஒருவேளை வந்துட்டா?"

"ஒரே ஒரு முளை வரட்டும்! உன் தம்பி மணியனைக் கூப்பிட்டு ஆறு மாசம் வெச்சுக்கறேன். ரிமோட்டையும் அவன் கையிலயே குடுத்துடறேன்!"

போன தடவை வந்த மணியன் சோபாவுல போட்ட பள்ளமே இன்னும் நிமிரல. அந்த ஆளையே பந்தயம் வெச்சார்னா எவ்வளவு நம்பிக்கைன்னு பாத்துக்கங்க.

"கோயில்ல வெச்சுச் சொல்லுங்க."

சொன்னார். பெருமாள் சன்னிதியிலயே, சத்தமா.

ஏப்ரல்ல ஒரு நாள் காலையில காபியோட பின்பக்கம் போனார். மண்ணைக் கிழிச்சுக்கிட்டு ஊதா நிறத்துல கூர் கூரா முளைங்க. போன வருஷத்தைவிட அதிகம். காபி கால்ல கொட்டுச்சு. அது சுட்டதுகூடத் தெரியல. வேலிக்கு அந்தப் பக்கம் மான் கூட்டம். ஹோஸ்டான்னா மானுக்கு உசுரு. வெள்ளியங்கிரி வேலிக் கதவைத் திறந்துவிட்டுட்டு ஆபீஸ் போயிட்டார்.

சாயங்காலம் வந்து பார்த்தா பந்தி முடிஞ்சிருந்தது.

"சாந்தா! இங்க வந்து பாரு. ஒரு முளை இருக்கா?"

சாந்தாமணி போனை நீட்டினாங்க. பின்பக்கக் கேமரா எடுத்த வீடியோ. அதுல வெள்ளியங்கிரி மானைப் பார்த்து "வா, வா"ன்னு கையாட்டறார். அவர் காலடியில முளைங்க பளிச்சுன்னு நிக்குது.

"வருஷா வருஷம் பனியில இலைதானுங்க போகும். வேர் உள்ள தூங்கும். இப்ப மான் தின்னதுகூடத் திரும்பத் துளுத்துக்கும்."

"இது தெரிஞ்சுமா நவம்பர்ல அழுத?"

"அழலீங்க. வெங்காயம் அரிஞ்சுட்டு வந்தேன்."

வெள்ளியங்கிரி தொண்டையைக் கனைச்சார். "சரி, வாக்குன்னா வாக்குதான். ஆனா டிக்கெட் இப்ப யானை விலை. மணியனை அடுத்த வருஷம் கூப்பிடலாம்."

"டிசம்பர்லயே போட்டாச்சுங்க. நியூவார்க் ஏர்போர்ட்ல இறங்கிட்டானாம், கார் சாவிய எடுங்க."