நாலாம் மாடிக்கே வரும் லிப்ட்

மணி அடித்தால் லிப்ட் கீழே போக வேண்டும். இது மேலே வந்தது.

சும்மாவும் வரவில்லை. நாலாம் மாடியில், வேம்புவின் வீட்டு வாசலில், அவர் மூக்குக்கு நேரே வந்து நின்று கதவை விரியத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்க் கண்ணாடியில் வேம்பு தெரிந்தார், ஏற்கெனவே ஏறிவிட்டவர் மாதிரி.

"ரகுபதி! எதை அமுக்கினே?" என்று மாடிப்படி இடுக்கு வழியாகக் கத்தினார்.

"செவப்பு பொத்தான்தான் சார்! நீதான அமுக்க சொன்ன!" என்று கீழேயிருந்து வாட்ச்மேன் ரகுபதி கத்தினான். "லிப்ட் இன்னா, மேலயா கீது?"

சித்திரக்குளத்துக்குப் பக்கத்திலுள்ள அந்த அடுக்ககத்துக்கு வேம்புதான் செயலாளர். சாயங்காலம் தீயணைப்பு அதிகாரி சோதனைக்கு வருகிறார். தீ மணி அடித்த மறுகணம், எந்த மாடியில் எந்த மகாராஜா கூப்பிட்டாலும் காதில் வாங்காமல், லிப்ட் கீழ்த்தளத்துக்குப் போய்க் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். ஜனங்கள் படியில் இறங்க வேண்டும். அதற்குத்தான் காலையிலேயே இந்த ஒத்திகை.

"மணியை நிறுத்தி, லிப்டைக் கீழே வரவழைச்சு இன்னொரு தரம் அமுக்கு," என்று சொல்லிவிட்டு, வேம்பு மூன்றாம் மாடிக்கு இறங்கி நின்றுகொண்டார். எதற்கும் இருக்கட்டுமே என்றுதான்.

மணி ஊளையிட்டது. குளத்து மீன்களெல்லாம் கரையேறியிருக்கும். கீழேயிருந்து கிளம்பிய லிப்ட், மூன்றாம் மாடியைச் சட்டை செய்யாமல் தாண்டி, நாலுக்கே போய் நின்றது. கதவு திறக்கும் ஓசை கேட்டது. அப்புறம் அவருடைய அகத்துக்காரி பத்மாசனியின் குரல்:

"ஏன்னா! மறுபடியும் நம்மாத்து வாசல்லயே வந்து நிக்கறது! உள்ள ஒருத்தரும் இல்லே. உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கு!"

மூன்றாம் மாடி ஆனந்தகுமார் பல் தேய்த்தபடியே வெளியே வந்தார். "மாமா, ராமானுஜம் மாமா வாக்குத் தவறாதவர் இல்லியா?"

போன மாசிவரைக்கும் ராமானுஜம்தான் செயலாளர். இந்த லிப்டைப் பிரசவம் பார்த்ததே அவர்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையில், வேம்புவின் கையைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் முன்னாடி போறேண்டா. உனக்கு வண்டி ஏற்பாடு பண்ணி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். வேறொருவராயிருந்தால் அதைச் சும்மா பேச்சு என்று விட்டிருக்கலாம். ராமானுஜம் ஏற்பாடு பண்ணுகிறேன் என்று சொல்லி எதையும் பண்ணாமல் விட்டதில்லை.

"ரகுபதி, கீழே லிப்ட் வாசல்ல நெருப்புத் துண்டைப் போட்டு சாம்பிராணி காட்டு," என்றார் வேம்பு. "எது வந்திருந்தாலும் ஓடிப்போயிடும்."

ரகுபதி லிப்டைக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்து, அதன் வாசலுக்கு நேரே சட்டியை வைத்து, மயிலாப்பூரிலுள்ள கொசு அத்தனையும் காசிக்கு ஓடும்படி புகை போட்டான். மணியை அமுக்கினார்கள். லிப்ட் அம்பு போல மேலே பாய்ந்தது.

"சார், அதுக்கு கோவம் வந்துட்ச்சி!" என்றான் ரகுபதி.

"அப்போ பூசணிக்காய் சுத்து. கற்பூரம் ஏத்து. நாலு செங்கல் வச்சு வேப்பிலையையும் கொளுத்து!"

கொளுத்தினார்கள். கீழ்த்தளத்தில் ரகுபதிக்கே ரகுபதி தெரியவில்லை. ஆனந்தகுமார் தன் மனைவி என்று நினைத்துத் தூணிடம் காபி கேட்டார். லிப்டோ இப்போது நாலாம் மாடியைவிட்டு நகரவே இல்லை. வேம்புவின் வாசலில், வாயைத் திறந்தபடி, விளக்கைப் போட்டுக்கொண்டு, விசிறியைச் சுற்றவிட்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தது. வேம்பு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் விசிறி ஓடுவது கேட்டது.

"பத்மா, நான் போனப்புறம் அந்த டிகாக்ஷனைத் தண்ணியா இறக்காதே."

"இருக்கறச்சே குடிச்சுட்டுப் பேசுங்கோ," என்று டம்ளரை நீட்டினாள் பத்மாசனி.

போனில் வரவழைத்த லிப்ட் கம்பெனி இன்ஜினியர் வஜீஹா திருவல்லிக்கேணியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தபோது, உள்ளே நுழைந்தவள் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். மறுபடி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வந்து, கூரையைப் பார்த்தாள், செங்கல்லைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள்.

"அங்கிள்! இறங்கி வாங்க! உங்களைக் கூட்டிட்டுப் போக யாரும் வரல!"

வேம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"மணி அடிச்சா லிப்ட் கீழதான் வரும்," என்றாள் வஜீஹா. "ஆனா கீழயே புகை இருந்தா? நெருப்புக்குள்ளயா ஆளுங்களக் கொண்டுவந்து இறக்கும்? அதான் மேல ஒரு மாடிக்குப் போய் நிக்கற மாதிரி வச்சிருக்கோம். உங்க பில்டிங்ல அது நாலாவது மாடி. இங்கயும் மீட்டர் ரூம்லயும் கூரையில புகையைக் கண்டுபிடிக்கற கருவி இருக்கு பாருங்க."

"அது செத்துப்போச்சேம்மா. வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கெல்லாம் கத்தறதுன்னு கழட்டிட்டோமே."

"மணிக்குப் போற ஒயரைத்தான் கழட்டியிருக்கீங்க. லிப்டுக்குப் போறதைக் கழட்டல. நீங்க பேயை விரட்டப் புகை போட்டீங்க. லிப்ட் உங்க புகைக்குப் பயந்து ஓடியிருக்கு."

வேம்பு தூணில் சாய்ந்தார். பிறகு சிரித்தார். பிறகு, தான் ஒரு கணமும் பயப்படவில்லை என்று ஆனந்தகுமாரிடம் இரண்டு முறை சொன்னார். சட்டி தெருவுக்குப் போனது. வேப்பிலையில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டினார்கள். மூன்று வீட்டு மேசை விசிறிகளை வைத்து ஊதினார்கள். காற்று கண்ணாடியாயிற்று. பட்டப்பகல் வெளிச்சம் தரையில் விழுந்தது.

"இப்ப அமுக்குங்க," என்றாள் வஜீஹா.

மணி அலறியது. மேலே கதவு மூடும் சத்தம். எண்கள் ஒளிர்ந்தன. நான்கு. மூன்று.

"வரது, வரது!" என்று குழந்தை மாதிரி கைதட்டினார் வேம்பு.

இரண்டு.

லிப்ட் நின்றது. யோசிப்பது போல ஒரு கணம். பிறகு மூன்று. நான்கு. மேலே கதவு திறந்தது, பத்மாசனி "ஐயோ!" என்றது கேட்டது.

வஜீஹாவின் சிரிப்பு போய்விட்டது. "எல்லாத்தையும் அணைச்சாச்சா?"

"அணைச்சாச்சேம்மா. கற்பூரம்கூட இல்லே," என்றார் வேம்பு.

"காலைல மொத தடவை மேல வந்தப்போ, எத்தனை சாம்பிராணி போட்டிருந்தீங்க?"

வேம்பு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். "அப்போ ஒண்ணுமே போடலியேம்மா."

லிப்டுக்குப் பக்கத்தில், மீட்டர் ரூமின் பூட்டிய கதவில் அதுவரை சாய்ந்துகொண்டிருந்த ரகுபதி மெதுவாக முன்னால் நகர்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"சார்... இந்தக் கதவு இன்னா சார், தோசக்கல்லு மாரி கொதிக்குது?"