சந்தனம் பூசிய பால் ஜாயிண்ட்

ஓசூர், சேலம் ஜில்லா,
துர்முகி வருஷம், விஜயதசமி.

பெங்களூரில் இருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை ராஜப்பன் அவர்களுக்கு மாமனார் நாராயணப்பன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் எல்லோரும் க்ஷேமம். உங்கள் கார் மட்டும் க்ஷேமமாக இல்லை.

ஆடி மாதம் என் பெண் சாந்தம்மாவை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டீர்கள். வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய அந்த இரண்டு பேர் உட்காரும் பந்தயக் கார், அத்திப்பள்ளி தாண்டியதும் முன் சக்கரம் ஆட ஆரம்பித்து, எங்கள் வாசலுக்கு வரும்போது சாமி வந்தவன் மாதிரி ஆடிக்கொண்டு வந்தது. சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்டுகள் தேய்ந்துவிட்டன என்றீர்கள். கிண்ணத்துக்குள் குண்டு உருளும் சாமான், நம் தோள்பட்டை மூட்டு மாதிரி என்று விளக்கினீர்கள். ரெவினியூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் சும்மா இருந்திருக்கலாம். "இதென்ன பிரமாதம், வீட்டிலேயே மாற்றிவிடலாம்" என்று வாயை விட்டேன். நீங்களும் பஸ் ஏறிப் போய், புது ஜாயிண்டுகளைப் பார்சலில் அனுப்பி, "காரில் கொண்டுவந்து விட்டேன், காரில்தான் அழைத்துப்போவேன்" என்று எழுதிவிட்டீர்கள். ஆவணி போயிற்று, புரட்டாசியும் முடியப்போகிறது. போன வாரம் பேரிகையிலிருந்து என் தங்கை வெள்ளையம்மா வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்ணா, நெசமாவே வண்டிதான் ரிப்பேரா, இல்ல புள்ளய வாழாவெட்டியா வுட்டுட்டுப் போயிட்டாரா?" என்று சாந்தம்மாவின் காதில் விழும்படியே கேட்டாள். அன்று குழந்தை சாப்பிடவில்லை.

இனிப் பொறுப்பதில்லை என்று எதிர்வீட்டு லாரி டிரைவர் ஆஞ்சப்பனைக் கூப்பிட்டு வலது பக்கம் ஆரம்பித்தேன். பழைய ஜாயிண்ட் பிடித்த பிடியை விடவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல சுத்தியால போடணுங்க, நான் சொல்றப்ப போடுங்க" என்றான். அவன் சொன்னான், நான் போட்டேன், அவன் கைமேல் போட்டேன். கன்னடத்தில் ஏதோ சொன்னான். நான் பெரியவன் என்பதால் தமிழில் சொல்லவில்லை போலிருக்கிறது. அடுத்த அடியில் ஜாயிண்ட் கழன்று, அதைப் பிடித்திருந்த இரும்புக் கை என் கால் கட்டைவிரல்மேல் இறங்கிற்று. எப்படியோ வலது பக்கம் முடிந்தது. இடது பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தையும் பழைய ஜாயிண்டையும் கழற்றிவைத்துவிட்டு, மீதியைக் காலையில் பார்ப்போம் என்று படுத்தோம். காலையில் சரஸ்வதி பூசை.

எழுந்து பார்த்தால் ஸ்பேனர் இல்லை, சுத்தியல் இல்லை, ஜாக்கியின் கைப்பிடி இல்லை, புது ஜாயிண்டும் இல்லை. எல்லாம் பூசையறையில், சாமி படத்துக்கு முன்னால், பூ வைத்துக்கொண்டு இருக்கின்றன. அதிலும் அந்த ஜாயிண்டை உங்கள் மாமியார் வெங்கடம்மாள் சீயக்காய் போட்டுத் தேய்த்திருக்கிறாள். "உள்ளயெல்லாம் ஒரே எண்ணெப் பிசுக்கு. சாமி முன்னாடி அப்படியேவா வெப்பாங்க?" என்றாள். பிசுக்குப் போன குழியில் குழைத்த சந்தனத்தை வழிய வழிய அப்பி, மேலே குங்குமமும் வைத்திருந்தாள். நான் கையை நீட்டினேன். "மறுபூசைக்கு முன்னாடி எடுத்தா புள்ள குடித்தனத்துக்கு ஆவாது!" என்றாள். அதற்குமேல் எந்தத் தகப்பன் எடுப்பான்? உங்கள் கார் மூன்று சக்கரத்தில் நின்றபடியே பண்டிகை கொண்டாடிற்று. இன்று மறுபூசை முடிந்து எடுத்துப் பார்த்தால் சந்தனம் கல்லாக இறுகிவிட்டது. குண்டு அசைய மறுக்கிறது.

ஆகையால் மாப்பிள்ளை, வேறு ஜாயிண்ட் வரவழைத்து மாட்ட வேண்டும், இந்த வண்டி தை மாதம் வரை நகராது. ரோஷத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு பஸ்ஸிலேயே வந்து என் பெண்ணை அழைத்துப்போங்கள். பெங்களூர் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் அவள் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். பெற்றவனால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வயதில் மூத்தவன் கும்பிடக்கூடாது என்பார்கள். கும்பிட்டுத்தான் கேட்கிறேன்.

மலைமேல் இருக்கும் சந்திரசூடேஸ்வரர் உங்கள் இருவரையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்றட்டும். உங்கள் தாயார் சரோஜம்மாள் அவர்களுக்கு எங்கள் நமஸ்காரம்.

இப்படிக்கு,
நாராயணப்பன்

பின்குறிப்பு: ஆசீர்வாதம், நமஸ்காரம் நீங்கலாக மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். நான் யோசித்து யோசித்து இதை எழுதி முடிப்பதற்குள், சாந்தம்மா சந்தனத்தை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்து, புது கிரீஸ் அடைத்து, ஆஞ்சப்பனை வைத்து ஜாயிண்டையும் சக்கரத்தையும் மாட்டிவிட்டாள். எலுமிச்சம்பழங்களும் நசுங்கியாயிற்று. அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானாமே, எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! பெங்களூருக்குக் குடித்தனம் பண்ணப் போகிறாயா அம்மா என்று கேட்டேன். "இல்லப்பா. கார்லதான் அழைச்சிகிட்டுப் போவேன்னாரில்ல? நானும் கார்லயே போயி அவர இங்க அழைச்சிகிட்டு வரேன். தலைத் தீபாவளி வரைக்கும் மாமனார் வூட்ல உக்காந்திருக்கட்டும்" என்கிறாள். துணைக்கு உங்கள் மாமியார் ஏறி உட்கார்ந்துவிட்டாள். திரும்பும்போது அவள் பஸ்ஸில் வந்துவிடுவாளாம், அந்த இடம் உங்களுக்காம். ஹார்ன் அடிக்கிறார்கள். கடிதத்தைச் சாந்தம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது வண்டி உங்கள் வாசலில் நிற்கும். தகராறு செய்யாமல் இடது பக்கமாக ஏறிக்கொள்ளுங்கள்.