மின்னலிடம் ‘இன்னொருக்கா’ கேட்டவர்

‘இன்னொருக்கா’க்காரரை உங்களுக்குத் தெரியும். கலியாண வீட்டில் மணமேடைக்கும் உங்களுக்கும் நடுவில் முதுகாகத் தெரிகிறாரே, அவர்தான். மாப்பிள்ளை மூன்றாம் முடிச்சையும் போட்டுக் கையை எடுத்த பிறகு, “தம்பி, கொஞ்சம் பொறும், இன்னொருக்கா கட்டும்” என்பவர். ஐயர் திரும்பவும் மந்திரம் சொல்ல, மேளக்காரருக்கு மூச்சு வாங்க, பந்தியில் சோறு ஆறிப்போக, ஒரே கலியாணத்தை மூன்று தரம் நடத்திவிட்டு, “லைட் காணாது” என்று உதட்டைப் பிதுக்குபவர். மெல்பேணில் இந்த இனத்துக்குப் பஞ்சமில்லை.

அங்கே ரோவில் என்ற புறநகரில் இருக்கும் இந்திரகுமார் இவர்களில் முதல்வர். பாவம், அவருக்கும் ஒரு காயம் உண்டு. 1987இல் அவர் செல்வமலருக்குத் தாலி கட்டிய நேரம் பார்த்துப் படக்காரர் ஃபிலிம் சுருள் மாற்றிக்கொண்டிருந்தார். அதன் பிறகு எல்லாப் படத்தையும் இவரே எடுத்ததால், எதிலும் இவர் இல்லை. இருபத்தைந்தாவது கலியாண நாள் அழைப்பிதழிலாவது இருவரும் சேர்ந்து நிற்கும் படம் வேண்டும் என்றார் செல்வமலர். அவர் கேட்டது அவ்வளவுதான். வீட்டு வாசலில் நின்றே எடுத்திருக்கலாம். எடுப்பாரா?

பின்னணியில் மின்னல் வேண்டுமாம். 2012 ஜனவரியில் ஒரு பகல் முழுக்கக் காரோட்டி, தெற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவன மலைகளுக்குச் செல்வமலரைக் கொண்டுபோனார். கேமராவுக்குக் குடை பிடிக்க, பக்கத்து வீட்டில் இருக்கும் என்னையும்.

மறுநாள் பின்னேரம் செம்மலைகளுக்கு மேல் கருமுகில் திரண்டது. பட்டுச்சேலையுடன் செல்வமலர் பாறையில் ஏறி நின்றார். முதல் மின்னல் வெட்டியது. எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

“கொஞ்சம் பொறுங்கோ!” இந்திரகுமார் வானத்தைப் பார்த்துக் கத்தினார். “நான் இன்னும் ரெடியில்லை. இன்னொருக்கா!”

வானம் ஐயர் இல்லையே.

“இஞ்சேருங்கோ, நீங்களும் வந்து நில்லுங்கோவன்,” என்றார் செல்வமலர்.

“ஓம், ஓம், டைமர் போட்டிட்டன், வாறன்!”

பத்து விநாடி இருந்தது. ஓடிப்போய் மனைவிக்குப் பக்கத்தில் நின்றிருக்கலாம். “நாடியை உயர்த்தும், தோளை இறக்கும்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் குனிந்து சேலைக் கரையை இழுத்து நேராக்கத் தொடங்கினார். செல்வமலர் அலுத்துப்போய் மலைப் பக்கம் திரும்பினார். வானத்திலிருந்து மலையடிவரை ஒரு மின்னல் இறங்கியது. கேமராவும் கிளிக்கென்றது.

“அடிச்சதே?” என்று நிமிர்ந்தார்.

“ஓம். வடிவா அடிச்சது.”

“இன்னொருக்கா அடிக்குமே?”

அதற்குப் பிறகு மழைதான் அடித்தது.

அடுத்த மாதம் அழைப்பிதழ் வந்தது. அட்டையில் மலை, முழுசாக ஒரு மின்னல், நட்டநடுவே இந்திரகுமாரின் குனிந்த பின்பக்கம், அதற்கு மேலே ஒரு கொண்டை. உடனே போன் எடுத்தேன்.

“அக்கா, ஆர் இந்தப் படத்தை அச்சுக்குக் குடுத்தது?”

“நான்தான். இதிலை எண்டாலும் ரெண்டு பேரும் இருக்கிறம்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் உங்கள் மகள் முதன்முதலாகத் தானே எழும்பி நின்ற அன்று, போனைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்து, “செல்லம், இருந்திட்டு இன்னொருக்கா எழும்பு” என்று கெஞ்சியது யார் என்று வீட்டில் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.