ஆல்பத்துக்கு அந்தப் பொண்ணுதான் வேணும்

மேடையில் ராக் வாசிக்கிறவன் தைரியசாலி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊரே பார்க்கக் கிட்டாரைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுவேன்; தெரியாத வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னால் திரும்பி ஓடிவந்துவிடுவேன்.

அப்படிப்பட்டவனுக்கு ப்ளூஸ் பைத்தியம் பிடித்தது. மனம் நொந்தவர்கள் பாடும் அந்த இசையில் தமிழில் ஓர் ஆல்பம் போட ஆசை. பாட்டுகள் தயார், பாடத்தான் ஆளில்லை. மாத்தளையில் நான் கேட்டவர்கள் எல்லோரும் சோகத்தையும் கல்யாண வீட்டு உற்சாகத்தோடு பாடினார்கள். (நானே பாடியிருக்கலாமே என்கிறீர்களா? பக்கத்து வீட்டு நாயைக் கேளுங்கள்.) அப்போதுதான் கோயில் திருவிழாவில் கலைவாணி பாடினாள். தொண்டையில் லேசான கரகரப்பு. உச்சத்தில் குரல் உடைந்து சேர்ந்தது. இவள் இல்லாவிட்டால் ஆல்பமே இல்லை என்று முடிவு செய்தேன்.

நேரில் கேட்கப் பயந்து, அவளுடைய ஊரான பல்லேபொலவில் இருக்கும் என் சித்திக்குப் போன் போட்டுக் கலைவாணியைப் பற்றிச் சொன்னேன்.

"சித்தி, ஆல்பத்துக்கு அந்தப் பொண்ணுதான் வேணும். அவங்க வீட்ல பேசுங்க."

சித்திக்குத் தெரிந்த ஒரே ஆல்பம் கல்யாண ஆல்பம். 'முதலில் பையன் மட்டும் வந்து பெண் பார்க்கட்டும்' என்று ஏற்பாடும் செய்துவிட்டாள். எனக்கு இதெல்லாம் தெரியாது; என்னிடம் 'வரச்சொல்லிட்டாங்க' என்றதோடு சரி.

போனால் வாசலிலேயே மிளகு வியாபாரியான அப்பா, பின்னால் மலை மாதிரி இரண்டு அண்ணன்மார். உள்ளே கேசரி, வடை. பாட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். (மடையன்!) கலைவாணி பட்டுச்சேலையில் வந்தாள்.

"பாடச் சொல்லுங்க," என்றேன். பெண் பார்க்கும்போது அதுவும் வழக்கம்தானே, பாடினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"எப்படி தம்பி, புடிச்சிருக்கா?" என்றார் அப்பா.

"புடிச்சிருக்குங்க. ஆனா இவங்க இன்னும் கஷ்டப்படணும். எங்கிட்ட விடுங்க, நான் அழ வச்சிர்றேன்."

அண்ணன்மார் எழுந்தார்கள்.

"முன்னாடி வேற யாரையாச்சும் பாத்தீங்களா?" என்றான் பெரியண்ணன்.

"ரெண்டு பேரை வரச்சொல்லிப் பாத்தேன். சரிவரல, அனுப்பிட்டேன். இவங்க ஆறு மாசம் இருந்தாப் போதுங்க."

பெரியண்ணன் போய்க் கதவைத் தாழிட்டான். என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமலே அடிவாங்கிச் சாகப்போகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன். கிட்டார்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டேன்.

கலைவாணி அந்தப் பையையே பார்த்தாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"பா... பாட்டுக்கு. ஆல்பத்துல பாட."

அவளுக்கு வந்த சிரிப்பில் வளையல்கள் குலுங்கின. "அப்பா, இவரு பாட ஆள் தேடி வந்திருக்காருப்பா!"

"அப்போ கல்யாணம்?"

"இந்த மாப்பிள்ளை எனக்கு வேணாம்ப்பா. பாட்டு வேணும்."

ஆல்பம் வெளிவந்து அவள் குரலை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். (என் கிட்டாரில் கேட்கும் நடுக்கத்தையும் பாராட்டுகிறார்கள். ஒலிப்பதிவு முழுவதும் அண்ணன்மார் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.)

இப்போது எனக்கு நிஜமாகவே பெண் தேடுகிறார்கள். தரகர் வந்து உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்துவிடுவாள்: "மறைக்கக் கூடாது பாருங்க. எங்க பையன், பொண்ணு பாக்கப் போகாமலே ஒரு வீட்ல வேணாம்னு சொல்ல வச்சவன்."